சத்தத்துக்கு ஒரு படிக்கல்

பம்பாய்
12-8-1973

அன்புள்ள திரிசலாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் நம் பிராமிக் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே மழை விடவில்லை. ஆனாலும் நம் வழக்கம் தவறாமல் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறேன், கவலைப்படாதே.

ஒரு வேடிக்கை கேள். எங்கள் பட்டறையில் சம்மட்டி மெஷின் இரைச்சலை அளக்க மீட்டர் வாங்க வேண்டுமாம். ஏழு வருஷமாக அதன் பக்கத்தில் நிற்பவன் நான்தானே; அதனால் எதை வாங்கலாம் என்று நீயே பார்த்துச் சொல் என்றார் மேனேஜர். இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒருவரிடம் மீட்டர் மட்டும்தான். இன்னொருவர் கூடவே ஒரு சின்ன டப்பாவும் வைத்திருந்தார். அது எப்போதும் ஒரே அளவில் விசிலடிக்கும். பட்டு நிறுக்கிற தராசைச் சோதிக்க முத்திரை போட்ட படிக்கல் இருக்குதே, அது மாதிரி மீட்டரைச் சோதிக்க இது.

டப்பாவை இடது காதில் வைத்துப் பார்த்தேன். "பேட்டரி தீர்ந்துபோச்சுபோல" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மீட்டரில் செருகினார். முள், டப்பாவில் போட்டிருந்தபடியே தொண்ணூற்று நாலு டெசிபலில் போய் அசையாமல் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவோடு வருகிற மீட்டரையே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வலது காது ஜோராகக் கேட்குது, பயப்படாதே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் சுண்டைக்காய் வத்தல் கொடுத்தனுப்பு.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. பிராமி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, தீபாவளிக்கு வரும்போது அவளை என் வலது தோளில் போடு.

உன்
ஜினகுமார்