ஐந்துக்கு இரண்டு, மணிக்கு எண்பது

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக் கட்டட வேலைக்குத் தலைமைப் பெயிண்டர் யார்? முடிவு செய்ய எனக்கும் கொக்குக்கும் ஆளுக்கொரு சுவர் கொடுத்தார்கள். கொக்கு என் போட்டிக்காரன். ஏணியில்லாமல் கூரையைத் தொடுவான். மூளை மட்டும் தரையிலேயே கிடக்கும். நான் மதியத்துக்குள் முடித்துவிட்டேன். ரோலர் போன வேகத்தில் காற்றே ஒதுங்கி வழிவிட்டது.

மார்ச் 5, புதன்

சுவர் காய்ந்ததும் பழைய பச்சை பல்லைக் காட்டுகிறது.

"என்னங்க, பெயிண்ட் அடிச்சீங்களா, குளிப்பாட்டி விட்டீங்களா?" என்றார் இன்ஜினியர் அம்மா. வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. தவறினால் கொக்குதான் தலைவன்.

சீக்கிரம் முடியத்தானே தண்ணீரைக் கூட்டினேன்? சீக்கிரம் முடிந்ததே — அப்புறம் என்ன கேடு?

மார்ச் 6, வியாழன்

தங்கை மகள் கணக்கு டீச்சர். பெயிண்ட் டப்பாவில் போட்டிருக்கும் கலவைக் கணக்கைச் சும்மா விசாரிப்பது போல விசாரித்தேன்.

"அஞ்சு பங்கு பெயிண்ட், ரெண்டு பங்கு தண்ணி. பங்குன்னா டம்ளரா, வாளியா மாமா?" என்று திருப்பிக் கேட்டாள்.

"எதுவா இருந்தா என்ன? கலவை ஒண்ணுதான்."

"அதான் விகிதம். ரெண்டையும் ஒரே அளவால அளக்கறீங்க, அளவோட பேரே வேண்டாம். மணிக்கு எண்பது சதுர அடி அடிப்பேன்னு பீத்திக்கறீங்களே, அதுல மணியையும் அடியையும் தூக்கிட்டுப் பாருங்க."

தூக்கிப் பார்த்தேன். வெறும் எண்பது. என் மாமனார் வயதா அது?

"அது வீதம். ரெண்டும் வேற வேற சாமான். எத்தனை மணி நேரம்னு தெரியலையா, எக்ஸ்னு வைங்க. அடிச்ச இடம் எண்பது எக்ஸ். வேகம் வேணும்னா ஆளைக் கூட்டுங்க, வாளியில கை வைக்காதீங்க."

"நான் சொல்ல வந்ததைத்தான் நீ முந்திக்கிட்டே," என்றேன்.

"ஆமா, தொண்டை வரைக்கும் வந்திருக்கும்," என்றாள் என் வீட்டுக்காரி, உள்ளேயிருந்து.

மார்ச் 7, வெள்ளி

ஐந்துக்கு இரண்டு. கை துறுதுறுத்தது, குழாய்ப் பக்கம் திரும்பவே இல்லை. சுவர் முகம் பார்க்கலாம் போல வந்தது. (தலைகூட வாரலாம்.)

"மொத்தக் கட்டடமும் எப்ப முடியும்?" என்றார் இன்ஜினியர் அம்மா.

'நாளைக்கே' என்பது நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன்.

"மொத்தம் எத்தனை சதுர அடிம்மா? எத்தனை ஆள் தருவீங்க?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையின் மரியாதைக்கே ஒரு புதுச் சட்டை வாங்கிப் போட வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

இரண்டாம் மாடி, என் தலைமையில். வெயில் ஏறியதும் கொக்கு வந்து நின்றான்.

"அண்ணே, நேரமாகுது. வாளியில கொஞ்சம் தண்ணி விட்டுக்கட்டுமா?"

"குடிக்கறதுக்குன்னா விட்டுக்கோ," என்று சொல்லி, கீழ்மாடியிலிருந்து இன்னொரு ரோலர்காரனை அவன் பக்கம் அனுப்பிவைத்தேன்.