கொக்கி வைக்காத சட்டை

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அழையாத விருந்தாளி மாதிரி கிளம்ப மாட்டேன் என்கிறது. வழக்கம்போல உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், ஆனால் நீ சொல்வதில் எது நிஜமோ என்று இந்தத் தடவை கேட்கவே பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் நம் தையல் கடையில் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதற்கு நடுவில்தான் நீ போனில் கேட்ட ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தேடினேன். பத்து வயது வரைக்கும் உள்ளதை மட்டும் அனுப்பு, மீதியைக் கிழித்துப் போடு என்றாய். அடுத்த மாதம் நீச்சல் சங்கத்தில் உன்னைத் திரும்பப் பரிசோதிக்கிறார்கள் என்றும் சொன்னாய். ஏன் கிழிக்க வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அலமாரியில் நீ லீவில் வந்தபோது விட்டுப்போன பழைய பரிசோதனைத் தாள் ஒன்றும் இருந்தது, எனக்கு ஒன்றும் விளங்காமல் நம் பிசியோ அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடது கை தோளுக்கு மேல போகாதுன்னு எழுதியிருக்கே, இது யாரோட பேப்பரும்மா என்று கேட்டார். பதினைந்து வருஷம் உன் கையைப் பிடித்து வேலை வாங்கியவர், அவருக்கே அது உன் கை என்று தெரியவில்லை. தெரிந்த பையனோடது என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்காக நானும் பொய்க்காரி ஆனேன்.

மாற்றுத்திறனாளிகள் நீச்சலில் உடம்புக் குறையைப் பார்த்து வகுப்பு பிரிப்பதைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். மேசையில் படுக்க வைத்து மூட்டு மூட்டாக மடக்கிப் பார்த்து, ஒவ்வொரு தசைக்கும் மதிப்பெண் போட்டு, அப்புறம் தண்ணீரில் இறக்கி, போட்டியிலும் கண் வைப்பார்கள், வகுப்பு எண் குறைந்தால் குறை அதிகம், ஒரே அளவு குறை உள்ளவர்களைச் சேர்த்து விட்டால்தான் ஜெயித்தது உடம்பு இல்லை, நீச்சல் என்று ஆகும் என்றாய். எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. அந்த மேசையில் படுத்துக்கொண்டு, தூக்க முடிந்த கையைத் தூக்காமல் வைத்திருந்தாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

போனில் கேட்டதற்கு, எல்லாரும்தாம்மா குறையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுறாங்க என்று சிரித்தாய். அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்கிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்குச் சாப்பிட்டு எழுந்தால் பொத்தான் தெறிக்கும், அவ்வளவுதான். நீ எக்கியதில் தெறித்தது உன்னோடு நீந்துகிற நெட்டையனுடைய இடம். அவன் கை நிஜமாகவே தோளைத் தாண்டாது. நம் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தபோது அவனுக்கும் கையைத் தூக்காமலே போடுகிற மாதிரி பக்கம் திறந்து கொக்கி வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தேன். நீ முதலாவது, அவன் இரண்டாவது. அணிக்கு ஒருவரைத்தான் எடுத்தார்கள், உன்னை எடுத்தார்கள். போன வாரம் அவன் போன் பண்ணி, அதே மாதிரி இன்னொரு சட்டை வேணும்மா, அவன் எப்படிம்மா இருக்கான் என்று உன்னைத்தான் விசாரித்தான். அளவு பழையதுதானே என்று பேச்சை மாற்றினேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதைச் செய்தவன் என் பிள்ளை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதக்கத்தைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார், மணி பார்க்கும்போதெல்லாம் அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போது நான் மணியே பார்ப்பதில்லை.

பிறக்கும்போது இழுபட்ட கை அது. பதினாறு வயது வரைக்கும் உன் சட்டை எல்லாவற்றுக்கும் கொக்கிதான். முதல்முதலாக நீயே கையைத் தூக்கி, கொக்கியில்லாத பனியனைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கு, தையல் மிஷின் மேலேயே கவிழ்ந்து அழுதேன். அந்தக் கையையா ஒளித்து வைத்தாய்?

காகிதம் ஒன்றையும் கிழிக்கவில்லை, பழசு புதுசு எல்லாமே இதோடு வருகிறது. கூடவே ஒரு சட்டையும் இருக்கிறது. அதில் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால்தான் உள்ளே போகும். பரிசோதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு போ, அவர்கள் முன்னால் கழற்று.

நன்றாக இரு, கடைசியாக வந்தாலும் நன்றாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. சட்டையைத் தனியாக நனை, சாயம் போகும்.

உன் இரண்டு கைக்கும் அளவு தெரிந்த
அம்மா