தக்கோலத்தில் ஒரு தட்டுக்கு இடம்

பியாட்ரிஸ்,

ஊட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். நீ தூங்குகிறாய், அல்லது கோபத்தில் தூங்குவது போல் படுத்திருக்கிறாய். எழுப்பிச் சோதிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. உப்புமா சட்டியில் இருக்கிறது. சிவப்பு டப்பாத் தூளில் டீ போட்டுவிடாதே, அது பசை கலந்த போர்க்களம்.

விடியலில் சன்னலைத் திறந்தேன். மூடுபனி உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் நான் கட்டிவரும் தக்கோலப் போர்க்களம் முழுக்கப் படர்ந்துகொண்டது. பொம்மைக் குதிரைகள் முட்டளவு பனியில் நின்றன. சோழர் யானைக்குத் தந்தம் மட்டும் தெரிந்தது. மண்ணுக்குப் பதில் தேயிலைத் தூளை ஒட்டிய புண்ணியவான் நான். ஈரம் பட்டதும் தக்கோலமே டீ வாசனை அடித்தது. கொஞ்ச நேரம் யாரும் யாரையும் கொல்லவில்லை. உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் நேற்று நீ கேட்டது ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, ஆயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தவங்களுக்கெல்லாம் மேசையில எடம் இருக்குது, நான் மட்டும் அடுப்படியில நின்னுட்டே திங்கோணுமா?"

ராஷ்டிரகூடர் கூடாரங்களைப் பெயர்த்துக் கட்டிலடியில் வைத்துவிட்டேன். சரித்திரத்தில் ஜெயித்தவர்கள் அவர்கள்தான். நம் வீட்டில் பின்வாங்கினார்கள். சன்னலோரம் உன் தட்டுக்கும் டம்ளருக்கும் இடம் இருக்கிறது. துடைத்தும் வைத்தாயிற்று. உட்கார்ந்து சாப்பிடு.

சில்வஸ்டர்

வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

இன்னொன்று: சாயங்காலம் எனக்கும் அங்கே ஒரு தட்டு வைக்கலாம் என்று தோன்றினால், யானையைக் கொஞ்சம் தள்ளி வை. வயிற்றைப் பிடித்துத் தூக்கு. தும்பிக்கை இன்னும் காயவில்லை.