இறுவட்டில் கேட்கும் மோதிரம்

என் அன்புக்கும் அலுப்புக்கும் ஒருங்கே உரிய மச்சாள் தவமணிக்கு,

நீ போய் ஒரு வருடம்; உன் ஆட்டத்திவசத்துக்கு நினைவுமலர் அச்சிடுகிறார்கள். அண்ணன் மனைவி என்ற முறையில் நானும் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். உன் மகள் யாழினி தொலைபேசியில் கேட்டாள். "மாமி, வழமையா எழுதுற மாதிரி எழுதாதேங்கோ. அம்மாவோட கதைக்கிற மாதிரி எழுதுங்கோ" என்றாள். வழமையானதை எழுத எனக்கும் தெம்பில்லை. குலவிளக்கு என்றும் பாசத்தின் உறைவிடம் என்றும் உன்னை எழுதினால் முதலில் சிரிப்பவள் நீயாகத்தான் இருப்பாய்.

இறந்தவர்கள் எங்கும் இருப்பதில்லை என்பது என் கொள்கை. அதை நீ அறிவாய். இருந்தும் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு வாதாட வராதே. வாதாடுகிற வயதை நான் கடந்துவிட்டேன்.

முதலில் செய்திகள். லைப்சிக்கில் குளிர் இன்னும் விடவில்லை. என் முழங்கால்கள் இரண்டும் முறை வைத்துக்கொண்டு நோகின்றன. உன் அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் பேசுவது வானொலி ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் மழையைப் பற்றி. யாழினிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டாள். அவளுக்கு அது அழகாகத்தான் இருக்கிறது. உனக்குப் பிடித்திருக்காது.

இனி விடயத்துக்கு வருகிறேன். கொலோன் கோயில் அம்மன் மீது நீ கட்டிய பாட்டுகள் இறுவட்டாக வரப்போகின்றன. திவசத்தன்று வெளியீடு. எட்டில் ஏழு பாட்டை நீ பாடிவைத்தாய். எட்டாவது மங்களம். அதைப் பாடுவதற்குள் உன்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மங்களம் இல்லாமல் ஒரு பக்தி இறுவட்டை வெளியிடுவது எப்படி என்று கோயிலில் எல்லோரும் கேட்கிறார்களாம். அதனால் யாழினியே அதைப் பாடுவதென்று முடிவு.

பாடினாள். ஒலிப்பதிவு செய்யும் அந்த ஜேர்மன்காரர் காதில் மெட்ரோனோமை மாட்டி, அந்தக் கருவியின் தட்டலுக்குப் பாடச் சொல்லியிருக்கிறார். "எல்லாம் சரியாத்தான் வருது மாமி. சுருதி சரி, தாளம் சரி. ஆனா அம்மாட பாட்டு மாதிரி இல்லை" என்றாள். பிறகுதான் கேட்டாள்: "சனிக்கிழமை ஒலிப்பதிவுக்குக் கடைசி டெர்மின், வேற நாள் இல்லை. நீங்கள் ஒருக்கா வந்து முன்னால இருந்து தாளம் போடுவியளோ?"

"எனக்கு ஏலாது பிள்ளை" என்றேன். கொலோனுக்கு ஐந்து மணித்தியாலம் ரயில். ஹனோவரில் இறங்கி மாறவேண்டும்; அங்கே படிக்கட்டு. அதோடு, மங்களம் பாடுகிற இடத்தில் எனக்கென்ன வேலை? "ஓம் மாமி" என்றாள். உன் மகள் கெஞ்சியிருந்தால் எனக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த மெட்ரோனோமை முதலில் கழற்றி எறிந்தவள் நீதானே. சென்ற ஆண்டு அந்த நிலவறை ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்ததை யாழினி எனக்குச் சொல்லியிருக்கிறாள். "இதென்ன, ஆசுப்பத்திரியில சேலைன் ஏத்திற மெசின் மாதிரி. எனக்கு ஆள் வேணும்" என்றாயாம். ஆளென்றால் யார் என்று அவள் கேட்டதற்கு, "மாமியைக் கூப்பிடு. அவ சாமியை விட்டாலும் தாளத்தை விடமாட்டா" என்றாயாம்.

அந்த ஒரு பாராட்டுக்கு மயங்கித்தான் நான் ரயிலேறினேன். கல்லூரியில் நீயும் நானும் ஒரே வகுப்பு. உன் சாதகத்துக்கு அன்றைக்கே நான்தான் தாளம். பிறகு உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துசேர்ந்ததில் உனக்குக் கிடைத்தது ஓர் அண்ணி அல்ல. சம்பளமில்லாத ஒரு கை. எனக்குப் பாட்டு வராது. பக்தி அதைவிட வராது. இரசாயனவியல் படித்தவளுக்கு எண்ண வரும், அவ்வளவுதான்.

முழங்கால் நோவில் தொடையில் தட்ட முடியாமல் கதிரையின் மரக் கைப்பிடியில் தட்டினேன். என் மோதிரம் மரத்தில் பட்டு ஒவ்வொரு அடிக்கும் சத்தமிட்டது. அந்த ஜேர்மன்காரர் மரியாதையாகக் கழற்றச் சொன்னார். வீங்கிய மூட்டைத் தாண்டி அது வரவில்லை. சவர்க்காரம் போட்டுப் பார்த்தோம். நீ சிரித்து இருமினாய். "விடுங்கோ, அது என்ர அண்ணை போட்ட மோதிரம், லேசில கழராது" என்று உன் உடைந்த ஜேர்மனில் அவருக்குச் சொன்னாய். சத்தத்தைப் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று அவர் விட்டுவிட்டார்.

திருத்துமுன் கேட்டுப்பார்க்க யாழினி அனுப்பிய இறுவட்டு இந்த வாரம் தபாலில் வந்தது. இரண்டு நாள் உறை பிரிக்காமல் கிடந்தது. சோம்பல் என்று எழுதுகிறேன். நீ வேறு பெயர் வைப்பாய். நேற்று மத்தியானம் சாப்பிட்ட கோப்பையைக் கூடக் கழுவாமல், குசினி மேசையில் உட்கார்ந்து, உன் அண்ணனின் பழைய கேட்பானைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

உன் குரலைப் புகழமாட்டேன். அது தடித்துவிட்டது. மேல் ஸ்தாயியில் ஏறும்போது படியில் மூச்சு வாங்குகிற ஆள் போல நிற்கிறது. பல்லவியில் அம்மனை வைது, சரணத்தில் சமாதானமாகிற உன் வழக்கம் மட்டும் மாறவில்லை. மூன்று பாட்டைக் கேட்டேன். மோதிரச் சத்தமும் கூடவே கேட்டுக்கொண்டிருந்தது.

நாலாவது காம்போதி ராகத்தில். அது பதிவானபோது நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கிறதா? ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாய். முடிந்ததும் நான் கேட்டேன்: "ஏன் இப்பிடி இழுக்கிறாய்? உன்ர அம்மனுக்குக் காது கேளாதோ? ஒருக்காச் சொன்னால் போதாதோ?"

"அவவுக்குக் கேக்கும். நீ சும்மா இரு" என்றாய்.

நேற்றுத்தான் கேட்டேன். அந்த வரிக்குச் சற்று முன்பு மோதிரச் சத்தம் பிந்துகிறது. அடுத்த அடி இன்னும் பிந்துகிறது. அன்றைய பதிவில் அது சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். என் கை களைத்துவிட்டது. நீ வரியின் முடிவுக்கு வருகிறாய்; நான் அங்கே இல்லை. உடனே திரும்பிப் போய் அதே வரியை இன்னொரு சங்கதியோடு, சற்றே மாற்றி, எடுக்கிறாய். மறுபடியும் ஒன்று. மோதிரம் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறாய்.

பரிசோதனையைத் திரும்பச் செய்வது போல மூன்று தரம் போட்டுக் கேட்டேன். முடிவு மாறவில்லை. இழுத்தது நான். காத்திருந்தது நீ.

அந்த ஒரு பாட்டில் மட்டுமா மச்சாள்? இழுக்கிறாய், இழுக்கிறாய் என்று ஆயுள் முழுக்க உன்னைக் கடிந்தேனே, அதில் எத்தனை தரம் நீ எனக்காக நின்றிருந்தாய்? ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன் என்றா? போயிருப்பேன்தான்.

மெட்ரோனோம் களைப்பதில்லை. அதற்காக யாரும் ஒரு வரியைத் திரும்பப் பாடவும் வேண்டியதில்லை. யாழினிக்குச் சரியாக வந்தும் சரிவராமல் போனது அதனால்தானோ என்னவோ.

மாலையில் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அந்த மோதிரச் சத்தத்தை அழிக்க வேண்டாம் எண்டு சொல்லு" என்றேன்.

"ஏன் மாமி? அவர் வடிவா எடுத்துத் தாறன் எண்டவர்."

"எடுத்தால் நாலாம் பாட்டில உன்ர அம்மா இழுத்தவ எண்டு சனம் சொல்லும். ஆர் இழுத்தது எண்டு கேக்கிற ஆக்களுக்கு விளங்கட்டும்."

அவள் சிரித்தாளா, வேறேதும் செய்தாளா, தெரியவில்லை. தொலைபேசியில் அது பிரித்தறிய முடியாத சத்தம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ அதையும் ஒரு பாட்டாகக் கட்டுவாய். ஆனால் ஒன்று உறுதி. சனிக்கிழமை நான் ரயிலேறுவேன். ஹனோவர்ப் படிக்கட்டை மெல்ல மெல்ல ஏறி இறங்குவேன். அந்த நிலவறையில் யாழினிக்கு எதிரே அதே கதிரையில் உட்கார்ந்து, கும்பிடாமல், கண் மூடாமல், உன் மங்களத்துக்குத் தாளம் போடுவேன். என் கை நடுவில் பிந்தும். பிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டேன். உன் மகள் காத்திருக்கிறாளா என்று பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
மோதிரம் இன்னும் கழராத உன் மச்சாள்,
சரஸ்வதி