ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார்

ஜூலை 9, செவ்வாய்

துணிக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மறுபடியும் கல்வி அலுவலகம். இது நாலாவது மனு. என் பெரிய மகளின் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு வாத்தியாரே கிடையாது. கணக்குப் பாடவேளையில் பிள்ளைகள் டெஸ்க்கில் தலை வைத்துத் தூங்குகிறார்கள்.

ஜன்னலில் அதே ஆள். நிமிர்ந்து பார்க்காமல் மனுவை வாங்கி முத்திரையை ஓங்கிக் குத்தி, "மேல அனுப்பறோம்மா" என்றார். பெற்றோர் எல்லாரும் அவருக்கு முத்திரைக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். மேலே என்றால் எங்கே? மொட்டை மாடிக்கா?

ஜூலை 15

பதில் இல்லை.

ஜூலை 24

பெரியவளிடம் பின்னக் கூட்டல் ஒன்று கொடுத்துப் பார்த்தேன். பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "பத்தாவதுல எப்படியும் கணக்குல போயிடும்மா. உன்கூட கடைக்கே வந்துடறேன்" என்றாள். ஏதோ பஸ் போய்விட்டது என்பது மாதிரிச் சொன்னாள்.

ஆகஸ்ட் 6

தலைமை ஆசிரியை வரச் சொல்லியிருந்தார். அவர் அறையில் காத்திருந்தபோது சுவரில் ஆசிரியர்கள் எல்லாரும் நிற்கும் போட்டோ. பின்வரிசையில் மூன்றாவது ஆள் — கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முத்திரைக்காரர்! இன்னும் கொஞ்சம் கூடுதல் முடியோடு.

"அவர்தாங்க நம்ம கணக்கு வாத்தியார்" என்றார் தலைமை ஆசிரியை, குரலைத் தாழ்த்தி. "ஆபீசுல ஆள் பத்தலைன்னு போன வருஷக் கடைசியில கூட்டிட்டுப் போனாங்க. ரிஜிஸ்டர்ல இன்னும் இங்கதான் இருக்காரு. அதனால வேற ஆளும் தரமாட்டேங்கறாங்க."

கணக்கு வாத்தியார் இல்லை என்ற மனுவைக் கணக்கு வாத்தியார் கையிலேயே கொடுத்து முத்திரை வாங்கி வந்திருக்கிறேன். நாலு தடவை! அந்த மனுஷனுக்கு ஒரு தடவைகூட வாயைத் திறக்கத் தோணலையா? சீ. என்ன ஜென்மங்கள்டா இதுங்க!

ஆகஸ்ட் 13

இருபத்தாறு பெற்றோர் போனோம். மனு எழுதவில்லை. பிள்ளைகளின் வெற்றுக் கணக்கு நோட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்குள் நீட்டினோம். "இதுல வைங்க சார் முத்திரை" என்றேன். அவர் முத்திரையைக் கீழே வைத்தார். "நானாம்மா கேட்டேன்? உக்காருன்னாங்க, உக்காந்தேன்." உள்ளேயிருந்து அதிகாரி ஓடி வந்து, சத்தம் போடாதீர்கள் என்று சத்தம் போட்டார்.

ஆகஸ்ட் 20

வாத்தியார் பள்ளிக்கு வந்துவிட்டார்.

செப்டம்பர் 18

நன்றாகவே நடத்துகிறாராம். அதுதான் இன்னும் எரிச்சல். இப்படிச் சொல்லித்தரத் தெரிந்த ஆளையா முத்திரை குத்த உட்கார வைத்தார்கள்? பெரியவள் ஒரு சமன்பாட்டை முழுசாகப் போட்டுக் காட்டினாள். அழுதுவிட்டேன்.

செப்டம்பர் 27

அடுத்த வட்டாரப் பள்ளியிலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். அவள் மகனின் அறிவியல் டீச்சரைக் கல்வி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார்களாம். எங்கள் வாத்தியார் காலி செய்த அதே நாற்காலிக்கு. "அக்கா, நீங்கதான் முன்ன நிக்கணும். முதல் கையெழுத்து உங்களோடதுதான்" என்று மனுவை நீட்டினாள்.

கையெழுத்துப் போட்டு அந்த நாற்காலி காலியானால் எங்கள் வாத்தியாரைத் திரும்ப இழுத்துக்கொள்வார்களோ? பெரியவளுக்கு இன்னும் பாதிப் பாடம் பாக்கி இருக்கிறதே.

"வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். நான் அவரை எதுவும் கேட்டதில்லை என்பது தெருவுக்கே தெரியும். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மனுவை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.