நீ வைத்தது பத்திரம் என்று படித்தேன்

மாப்ளே,

நேற்று சித்தப்பா வீட்டுத் தம்பியின் மகன் துபாயிலிருந்து விடுமுறைக்கு என்னைப் பார்க்க மலேசியா வந்தான். மேசைமேல் ஒரு வங்கிக் காகிதத்தை விரித்தான். வழுவழுப்பான காகிதம், ஓரத்தில் சிவப்பு முத்திரை, புது மை வாசனை. "பெரியப்பா, அங்க பேங்கெல்லாம் ஆட்டம் காணுதுன்னு பேசிக்கிறாங்க. நாம வெளியாளு. விழுந்துச்சுன்னா நம்ம காசு பத்திரமா இருக்குமா?" என்று கேட்டான்.

பத்திரம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையை ஓங்கி வைத்துவிட்டுக் கத்தினேன். தன்னைத்தான் திட்டுகிறேன் என்று பையன் நினைத்துவிட்டான். அவனை இல்லை. உன்னைத்தான் திட்டினேன். நீ செத்து இத்தனை வருஷமாகியும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

என் சித்தப்பா மகளைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு அவளைச் சேலத்துப் பக்கம் விட்டுவிட்டு, "ரெண்டே வருசம் மச்சான், திரும்பிடலாம்" என்று என்னோடு மலாயாவுக்குக் கப்பலேறியவன் நீ. ஜப்பான்காரன் வந்து அந்த இரண்டு வருஷத்தை எட்டாக்கினான். அதற்குப் பிறகாவது அவளையும் பிள்ளையையும் இங்கே கூட்டிக்கொள்ளலாம் என்று நீ சேர்க்க ஆரம்பித்தபோது அவசரகாலம் வந்துவிட்டது. ஈஜோக் பக்கத்தில் நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காலையில் கேட்டைத் திறந்து, ஒவ்வொருத்தர் மடியையும் தடவிப் பார்த்துத்தான் பால் வெட்டுக்கு அனுப்புவார்கள். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம் என்று மத்தியானச் சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

பக்கத்து லயத்து ஆள் ஒருவன் அரிசிப் பானைக்குள் நோட்டு ஒளித்து வைத்திருந்தான். சோதனையில் அகப்பட்டது. காட்டு ஆட்களுக்கு வசூல் செய்த பணம் என்று சொல்லி அவனை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் அழுததை நீயும் பார்த்தாய். அவளையும் பிள்ளையையும் கூப்பிட நீ சேர்த்த கப்பல் காசு அடுப்புக்குக் கீழே ஒரு தகர டப்பாவில் இருந்தது. அன்றைக்கு நீ சோறு தின்னவில்லை.

அப்போது யோசனை சொன்னவன் யார்? நான்தான். வேறு யாருக்கு அந்தத் தைரியம் வரும்? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை உட்கார்ந்தவன். ஈஜோக்கிலிருந்து கோலா குபு பாரு வரை என் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. பெரிய துரையே பார்த்துவிட்டுத் தொப்பியைத் தூக்கினார். நீ இருந்தால், "தொரைக்குத் தலை வேர்த்துச்சு, தூக்குனாரு" என்பாய். சொல்லிக்கொள். தூக்கியது தூக்கியதுதான்.

வேலை வாங்கும் மண்டோரிடம் உனக்குப் பல்வலி என்றும் எனக்கு வயிற்றுவலி என்றும் சொல்லி, தோட்டத்து லோரியில் கோலா சிலாங்கூர் போனோம். அந்த வங்கியின் பேரை எழுதி என் காகிதத்தை அழுக்காக்க மாட்டேன். தலைமை ஆபீசு இந்தியாவில், இங்கே கடைத்தெருவில் ஒரு கிளை. மேனேஜர் நம்மூர்க்காரர். நெற்றியில் விபூதி, கழுத்தில் டை. நான் உள்ளே நுழைந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மின்விசிறியைப் போட எழுந்தார் என்று நீ காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் சொல்லித் திரிந்தாய். டப்பாவை அவர் முன்னால் வைத்தாய். அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். "ஆறு மாசம் கழிச்சு வட்டியோட வாங்கிக்கலாம்" என்றார். உன்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியவர் இந்த நாட்டில் அதற்கு முன்னால் யாருமில்லை. அதிலேயே நீ மயங்கிவிட்டாய்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். எதிரே பாசிர் பெனம்பாங்கில் படகுகள் மீன் இறக்கிக்கொண்டிருந்தன. "படி மச்சான்" என்றாய். மேலே இரண்டே சொல் தமிழில், கொட்டை எழுத்தில். மற்றதெல்லாம் இங்கிலீசு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வைப்புப் பத்திரம்.

"வைப்பா? யாரு வைப்பு? உன் தங்கச்சி காதுல விழுந்தா கப்பலே ஏற மாட்டா லா!"

"அட மடையா! வைப்புன்னா நீ வச்சது. நீ வச்சது பத்திரம்னு எழுதியே குடுத்துட்டான், பாரு!"

"செவப்பு முத்திரை வேற போட்டிருக்கான்."

"பின்னே? சர்க்காருக்கே எழுதிக் குடுக்க மாட்டான் இப்படி. என் மூஞ்சிக்குக் குடுத்திருக்கான்."

நீ அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய். லோரியில் திரும்பும்போது, உன் மகள் இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கையைத் தூக்கிக் காட்டினாய். ஒரு தடவை காட்டிவிட்டு, போதாது என்று இன்னும் கொஞ்சம் உயர்த்தினாய்.

ஆறு மாசம் முடியவில்லை. வெளிநாட்டுக்காரர் உள்ளே வருவதற்குப் புதுச்சட்டம் வருகிறது, அதற்கு முன்னால் பெண்டாட்டி பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளாதவன் அப்புறம் அலைய வேண்டியதுதான் என்று பெரட்டுக் களத்தில் ஒரே பேச்சு. நீ அவசரப்பட்டாய். வட்டி வேண்டாம், முதலை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். போனால், வங்கியின் மடக்குக் கதவு இழுத்துச் சாத்தியிருக்கிறது. வாசலில் ஏழெட்டுத் தோட்டத்து ஆட்கள். ஒரு கிழவி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற வெறும் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பியில் ஒரு இங்கிலீசு நோட்டீசு தொங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் படிக்கத்தான் போனேன். அதற்குள் நம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர், வாயில் தேவையில்லாத சொல் வராது.

"இந்தியாவிலை பேங்க் விழுந்திட்டுது. இங்கையும் பூட்டிப்போட்டாங்கள். இனிக் காசு இல்லை. உங்களிட்டை இருக்கிறது பத்திரம் மட்டும்தான்."

நீ சிரித்தாய் மாப்ளே. இன்றைக்கும் அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. "அதான் ஐயா, பத்திரமா இருக்குல்ல! அது போதும். எப்ப தொறப்பாங்க?" என்றாய்.

கிராணியார் கண்ணாடியைக் கழற்றினார். "பத்திரம் எண்டால் கடுதாசி, தம்பி. வெறுங் கடுதாசி. இவ்வளவு காசு வாங்கினம் எண்டு எழுதின கடுதாசி."

நீ என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான். காகிதத்தை மறுபடி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய்.

டவுன் மளிகைக்காரர்கள் எல்லாரும் போன வாரமே பின்வாசல் வழியாகத் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தமிழ் தெரிந்த மேனேஜருக்கு அவர்களிடம் சொல்ல வாய் இருந்தது, நம்மிடம் சொல்ல இல்லை. நான் கேட்கிறேன், நம் கேட்டில் ஒரு கைப்பிடி அரிசிக்காகப் பொம்பளைகளின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்களே, அந்தப் பின்வாசலில் ஒருத்தன் மடியையாவது தடவிப் பார்த்தார்களா? ஒரு வங்கியே நடந்து வெளியே போயிருக்கிறது. நிறுத்திக் கேட்க ஒரு துப்பாக்கி இல்லை. பெரிய துரையின் பணம் இருந்த வெள்ளைக்கார வங்கி மறுநாளும் பத்து மணிக்குத் திறந்தது. வந்தேறிக் கூலியின் காசுக்குத்தான் கதவு சாத்தும்.

கிராணியார் விண்ணப்பம் எழுதி உன் பத்திரத்தையும் அதோடு சேர்த்து அனுப்பினார். பதில் வரவில்லை. பத்திரமும் திரும்பவில்லை.

இதுவரைக்கும் என் கோபம் வங்கிக்காரன்மேல். உன்மேல் வந்த கோபம் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சிக்குக் கடுதாசி எழுத என்னைக் கூப்பிட்டாய். நான் பேனாவை உதறிவிட்டு உட்கார்ந்தேன்.

"எழுது மச்சான். கப்பல் காசைக் குடிச்சு அழிச்சிட்டேன்னு எழுது."

"கிறுக்குப் புடிச்சிருக்கா? நீ எங்கடா குடிச்ச? கள்ளுக் கடையில உன் பங்கையும் நான்தானே குடிச்சேன்!"

"பேங்குன்னு எழுதினா, யாரு போடச் சொன்னதுன்னு கேப்பா. அப்புறம் உங்க சித்தப்பா வீட்டுல உன்னை வாசல்ல சேப்பாங்களா?"

"சேக்காட்டி போறாங்க!"

"உனக்கு ஊருல வேற யாரு இருக்கா? எனக்கு அவ பொண்டாட்டி. ரெண்டு நாளு திட்டுவா, விட்டுருவா. எழுது லா."

எழுதினேன். பேனாவை வீசியிருக்கலாம், வீசவில்லை. என் நல்ல கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், கள்ளை மோந்துகூடப் பார்க்காத மனுஷனைக் குடிகாரனாக்கி அஞ்சல் தலை ஒட்டினேன். வெட்கக்கேடு, அதை எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

அவள் விடவில்லை. குடிகாரர் கடுதாசி இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று ஒரே வரி வந்தது. அதைப் படித்துச் சொன்னவனும் நான்தான். மாசாமாசம் பணம் மட்டும் அனுப்பினாய். சட்டம் வந்து கதவைச் சாத்தியது. முள்வேலியைப் பிரித்து எடுத்தார்கள். நீ ஊருக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவாய்? லயத்து வீட்டிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய்.

தம்பி மகனுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? விழுந்தால் முதலில் யாருக்குக் கொடுப்பார்கள், கடைசியில் யாருக்கு என்று கேளுடா, அதை உனக்குத் தெரிந்த பாஷையில் எழுதித் தரச்சொல்லடா, எல்லாத்தையும் ஒரே இடத்தில் போடாதேடா என்றேன். "சரி பெரியப்பா, கத்தாதீங்க" என்றான்.

நான் ஒருமுறை ஊருக்குப் போனேன். கப்பலில் கேப்டனே என்னைக் கூப்பிட்டுத் திசை கேட்டார், அது தனிக்கதை. தங்கச்சி அப்போது உயிரோடு இல்லை. உன் மகள் இருந்தாள். நீ லோரியில் காட்டினாயே, அதைவிட உயரம். காப்பி கொடுத்துவிட்டு, "அவரு ஈரல் கெட்டுத்தான் செத்தாரா, மாமா?" என்று கேட்டாள்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, ஆற்றங்கரை, நான் தப்பாகப் படித்தது, மடக்குக் கதவு, கடுதாசி. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசி வரை கேட்டாள்.

"அம்மா சொல்லும், மலேயா மாமா வாயைத் தொறந்தா பத்துல ஒண்ணுகூட நெசம் இருக்காதுன்னு. நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.

அன்றைக்கு அந்த வங்கி வாசலில், அத்தனை பேர் முன்னால், நீ என் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம் மாப்ளே. அடித்தும் இருக்கலாம். அதைப் பார்த்தவர்களில் ஒருத்தராவது உன் மகளிடம் எனக்குச் சாட்சி சொல்ல வந்திருப்பார்.