உன் அப்பா தூக்கிய கை

புவெனஸ் ஐரஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் தலியாவுக்கு அம்மா பெர்லா எழுதுவது. ஹைஃபாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பாவுக்குக் காலில் சின்னக் காயம் என்று போனில் சொன்னோமே, அது பொய். சர்க்கரை முற்றி இடது காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. இப்படியே தின்றால் பாதமும் போகும் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் நான் அளந்துதான் போடுகிறேன். சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் என்ன செய்வது? வழிபாடு முடிந்ததும் தேன் கேக், எண்ணெய் சொட்டும் அடை, கலர் சோடா. “ஓய்வுநாள் சந்தோஷம் ஹைமே, ஒண்ணும் ஆகாது, சாப்பிடுப்பா!” என்று ஆளாளுக்கு உன் அப்பாவுக்கு ஊட்டாத குறைதான். நம் கூட்டத்தில் சர்க்கரை இல்லாத வீடு ஒன்று காட்டு பார்ப்போம்.

அதனால்தான் சமையல் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். கொண்டைக்கடலை, சுட்ட கத்தரிக்காய், பழம், எலுமிச்சைத் தண்ணீர் என்று மாற்றினேன். கறியும் பாலும் ஒரே தட்டில் படக்கூடாது என்பது நம் விதியாயிற்றே, கறித் தட்டும் பால் தட்டும் கலந்துவிடுமோ என்று பயந்து, இத்தனை வருஷம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் தின்று மூட்டை மூட்டையாகத் தெருவில் எறிந்தோமே, அதையும் நிறுத்தினேன். கறிக்கு நீலக் கண்ணாடித் தட்டு, பாலுக்கு வெள்ளை. ஓய்வுநாளில் வேலை கூடாதே, அது முடிந்து நட்சத்திரம் தெரிந்த பிறகு நானும் என் தோழி ராக்கெலும் நின்று கழுவினோம். பிள்ளைகள்கூடக் கத்தரிக்காயை வழித்துத் தின்றார்கள். யார் கண் பட்டதோ!

எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை, எந்த மகராசியோ, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாலாடைக்கட்டி அப்பத்தை நீலத் தட்டில் வைத்துவிட்டாள். கமிட்டிச் செயலாளர் ஃபுக்ஸ் குதித்த குதியைப் பார்க்கவேண்டுமே! “தட்டெல்லாம் தீட்டாப் போச்சு, தூக்கிக் குப்பைல போடு! பிளாஸ்டிக் இருந்தப்ப இந்தத் தொல்லை உண்டா? புல்லையும் தின்னுட்டுப் பாவத்தையும் சுமக்கணுமா?” என்று கத்தினார். நான் விடுவேனா? நம் குரு ரபியையே கூப்பிட்டுக் கேட்டேன். “கண்ணாடி எதையும் உறிஞ்சாதும்மா, நல்லாக் கழுவினாப் போதும். நல்ல பொருளை வீணா எறியறதைத்தான் வேதம் தடுக்குது” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். ஆனாலும் அந்த ஃபுக்ஸ் அடங்கினாரா? பழைய பிளாஸ்டிக்கும் சோடாவுமா, என் தட்டும் சமையலுமா, எது வசதி என்று கமிட்டி முடிவு செய்யட்டும் என்று வியாழக்கிழமை ஓட்டுக்கு விட்டார்.

இரண்டு பக்கமும் சமமாக வந்தது. கமிட்டியில் மிச்சமிருந்தது உன் அப்பா ஒருவர்தான். அவரும் கை தூக்கினார், தலியா. பிளாஸ்டிக்குக்கும் சோடாவுக்கும் தூக்கினார்! என் வீட்டுக்காரர், என் எதிரிலேயே!

வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்தார். “நீ எனக்காகத்தான் இதெல்லாம் பண்றேன்னு ஊருக்கே தெரியும். அந்தத் தட்டைப் பாக்கறவன் எல்லாம் அடுத்து என் காலைத்தான் பாக்கறான். இத்தனை வருஷம் அவங்களுக்குச் சமமா உக்காந்து சாப்பிட்டவன் பெர்லா நான்” என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் தீரவில்லை. வெட்கத்துக்குப் பயந்து யாராவது காலைக் கொடுப்பார்களா?

ஃபுக்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன். தட்டுகளை ராக்கெல் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன், மறுபடி ஓட்டுக் கேட்காமல் ஓயமாட்டேன். உன் அப்பாவிடம்தான் என் பேச்சு எடுபடவில்லை. நீ பேசு. நான் எழுதியதைச் சொல்லாதே. காலைப் பற்றிக் கேட்காதே, சாப்பாட்டைப் பற்றியும் கேட்காதே. நவம்பரில் உன் கல்யாணத்தன்று, “மண்டப வாசலிலிருந்து, மணமக்கள் நிற்கும் மணவிதானம் வரைக்கும் என் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவாயா அப்பா?” என்று மட்டும் கேள். அவர் பதில் சொல்லும்வரை போனை வைக்காதே.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், கண்ணே.

உன் அம்மா,
பெர்லா